தொண்டூழியர் நடத்தும் ஆர்வக் குழு: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறீர்கள், அல்லது சமூக மன்றத்தில் இளையர் நடவடிக்கைகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள். பாடத்துக்கு வெளியே பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனத்தில் இருக்கிறது. தெரிந்தவர்களில் ஒருவர் நன்றாகப் படம் எடுப்பார், இன்னொருவர் சதுரங்கத்தில் கெட்டிக்காரர். கேட்டால் வருவார்கள் என்றும் தோன்றுகிறது. ஆனால் எங்கே தொடங்குவது, யாரிடம் அனுமதி கேட்பது, முதல் நாள் என்ன செய்வது என்று தெரியவில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வக் குழு, அதாவது பிடித்த ஒரு காரியத்துக்காகப் பிள்ளைகள் வாராவாரம் கூடும் குழு, நிலைக்குமா, இரண்டு மாதத்தில் கரைந்துவிடுமா என்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தில் இருக்கிறது: தொண்டூழியர் அடுத்த வாரமும் வருகிறாரா? அவர் வந்தால் பிள்ளைகள் வருவார்கள். அதனால் கல்வியாளராகிய உங்கள் வேலையில் முக்கால்வாசி, அவர் தன் ஆர்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்ற நிலையை உண்டாக்குவதுதான். அறை, அனுமதி, பெற்றோர், பாதுகாப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்தவை.

பாடத்துக்கு வெளியே பள்ளியே நடத்தும் இணைப்பாட நடவடிக்கைதான் (சிசிஏ) ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இணைப்பாட நடவடிக்கை உயர்நிலைப் பள்ளியில் கட்டாயம். போட்டி, பதக்கம், தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகும்போது கிடைக்கும் புள்ளி எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். அதற்கும் தேவை இருக்கிறது. ஆர்வக் குழுவுக்கு ஒரு பிள்ளை வருவது பிடித்திருப்பதால் மட்டுமே. கூடவே, காசு வாங்காமல், தனக்குப் பிடித்ததைச் சொல்லித்தர ஒரு பெரியவர் வாராவாரம் வந்து நிற்பதையும் அது பார்க்கிறது. பதின்ம வயதில் அப்படி ஒருவரைப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. நம் சமூகத்துக்கு இது புதிதும் இல்லை. கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் 1950களில் வளர்த்த மாணவர் மணிமன்றம் என்ற மாணவர் பகுதியில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பிற்காலத்தில் இங்கே எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தார்கள்.

முதல் படி: யார் பெயரில் நடக்கும் என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: சிங்கப்பூரின் சங்கங்கள் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நடத்தும் அமைப்பு பதிவு செய்யப்பட வேண்டும். நண்பர்கள் நான்கு பேர் எப்போதாவது கூடுவது வேறு. பெயர், உறுப்பினர், பொறுப்பாளர் என்று ஒரு குழு உருவானால் இந்தக் கேள்வி வரும். பதிவு, கணக்கு, ஆண்டுக் கூட்டம் என்று ஆரம்பத்திலேயே இறங்கினால் பிள்ளைகளுக்குச் செலவிட வேண்டிய சக்தி அதிலேயே போய்விடும். அதனால் ஏற்கெனவே இருக்கும் ஓர் அமைப்பின் கீழ் தொடங்குங்கள்.

நீங்கள் பள்ளியில் இருந்தால் வழி எளிது. தாய்மொழித் துறைத் தலைவரிடம் பேசுங்கள், பிறகு பள்ளித் தலைமைத்துவம். வெளியிலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளோடு பழகப் போகிறார் என்றால் பள்ளிக்கு அதற்கென்று நடைமுறை உண்டு. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாதீர்கள். அது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இருப்பது.

பள்ளிக்கு வெளியே என்றால் சமூக மன்றம்தான் என் முதல் தேர்வு. 1960ல் தொடங்கிய மக்கள் கழகத்தின் கீழ் இயங்கும் இந்த மன்றங்களில் பலவற்றில் இந்திய நற்பணிச் செயற்குழு இருக்கிறது. அதில் இருப்பவர்களும் தொண்டூழியர்கள். பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகளைத் தாண்டி இளையருக்காக ஆண்டு முழுவதும் ஏதாவது நடந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அங்கே கட்டாயம் இருப்பார்கள். அவர்களைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எத்தனை சந்திப்பு, எந்த நாள், எவ்வளவு நேரம், பொறுப்பேற்கும் பெரியவர் யார். முதல் சந்திப்பில் பணம் கேட்காதீர்கள். அறை மட்டும் கேளுங்கள். வசிப்போர் குழு அறை, வட்டார நூலகம், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் இளையர் திட்டங்கள் ஆகியவையும் நல்ல வாசல்கள்தான். எதுவாக இருந்தாலும், நடவடிக்கையின்போது யாருக்காவது அடிபட்டால் அவர்களது காப்புறுதியில் அடங்குமா என்று அந்த முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறையைப் பார்க்கப் போகும்போது மூன்றைக் கவனியுங்கள். எம்ஆர்டி நிலையத்திலிருந்து பிள்ளை தனியாக நடந்து வர முடியுமா? கதவில் கண்ணாடி இருக்கிறதா, அதாவது வெளியே போகிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியுமா? நாற்காலிகளை நகர்த்த அனுமதி உண்டா? நாற்காலி நகராத அறையில் வகுப்புதான் நடக்கும், குழு நடக்காது.

இரண்டாம் படி: துறையைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

"ரோபோ குழு தொடங்கலாம், இப்போது அதுதான் எடுபடும்" என்று முடிவு செய்துவிட்டு ஆள் தேடுவது வழக்கம். நான் அதற்கு நேர் எதிராகச் செய்யச் சொல்வேன். ஒரு காரியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகம் மலர்கிற ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவருக்குப் பிடித்தது எதுவோ அதுதான் உங்கள் குழு. பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. தெரிந்ததைப் பொறுமையாக அடுத்தவர் கையில் கொடுப்பவராக இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் எந்தத் துறைக்கும் பக்கத்திலேயே ஏதாவது ஒரு பிடி கிடைக்கும். சதுரங்கம் என்றால், 2024 டிசம்பரில் செந்தோசாவில்தான் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தன் 18வது வயதில் டிங் லிரனை வென்று உலக வெற்றியாளரானார். அந்த ஆட்டங்களை ஒவ்வொரு நகர்த்தலாகப் போட்டுப் பார்க்கவே ஒரு பள்ளித் தவணை போதாது. தோட்டம் என்றால், தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தால் இன்று பல அடுக்குமாடி புளோக்குகளின் அருகே தோட்டங்கள் இருக்கின்றன; முருங்கையும் பாகலும் வளர்க்கும் ஒரு பாட்டி அங்கே இருந்தால் உங்கள் தொண்டூழியர் கிடைத்துவிட்டார். கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு, ஜூரோங், தெம்பனிஸ் போன்ற வட்டார நூலகங்களில் உள்ள மேக்ஐடி என்ற கைவேலைக் கூடங்களில் முப்பரிமாண அச்சு இயந்திரம்கூட இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வாய்மொழி வரலாறு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979லிருந்து மக்களின் நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அதில் உண்டு. பிரிட்டிஷ்காரர்களின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தாத்தாக்களின் கதையை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கேள்வி கேட்டு, பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதும்போது அது கற்றுக்கொள்வதற்கு அளவே இல்லை. அப்படிக் கதை சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த வேலை காத்திருக்காது.

மூன்றாம் படி: தொண்டூழியரிடம் எப்படிக் கேட்பது

யாரைக் கேட்கலாம்? முன்னாள் மாணவர்கள், பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களில் இருப்பவர்கள், வேலைக்குப் போகும் பெற்றோர், ஓய்வுபெற்றவர்கள், கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஏற்கெனவே சேவை செய்பவர்கள். பதினெட்டு வயதைத் தொடும் ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை: மிகுந்த ஆர்வத்தோடு வருவார்கள், பிறகு கட்டாயத் தேசிய சேவைக்குப் போய்விடுவார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு வேலைப் பயிற்சிக் காலம் வரும். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயம். அவர்களை வேண்டாம் என்று சொல்லாமல், இன்னொருவரோடு இணைத்து விடுங்கள். எந்தக் குழுவுக்கும் குறைந்தது இரண்டு தொண்டூழியர்கள் இருக்கட்டும்.

கேட்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. "நேரம் கிடைக்கும்போது வந்து பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுங்களேன்" என்று கேட்டால், "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். இப்படி ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம் அண்ணா. உயர்நிலை 1, 2 பிள்ளைகளுக்கு ஒரு படக்கலைக் குழு தொடங்குகிறோம். பிப்ரவரியிலிருந்து 8 சனிக்கிழமைகள், காலை 10 முதல் 11.30 வரை, நம்ம சமூக மன்றத்தில். பிள்ளைகள் 12 பேர். அறை, பெற்றோர் அனுமதி, வருகைப் பதிவு, பலகாரம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வந்து உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்குக் காட்டினால் போதும். உங்களோடு இன்னொருவரும் இருப்பார். 8 வாரம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம். அதற்கு மேல் முடியாது என்றால் தயங்காமல் சொல்லலாம்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. எண்ணிக்கை தெரிந்தால்தான் அவர் வீட்டில் கேட்டுச் சொல்ல முடியும். முடிவுத் தேதி இருந்தால் தயக்கம் குறையும். என்னென்ன வேலை அவர் தலையில் விழாது என்று சொல்வது, ஏற்கெனவே எங்கோ ஒரு முறை தொண்டூழியம் செய்யப் போய் நாற்காலி தூக்கிக் களைத்தவருக்குப் பெரிய நிம்மதி. கடைசி வரி மிக முக்கியம். விலகிக்கொள்ள மரியாதையான வழி இருந்தால்தான் மனிதர்கள் துணிந்து உள்ளே வருவார்கள். அப்படி வருபவர்களில் பாதிப் பேராவது எட்டு வாரம் முடிந்ததும் தாமாகவே அடுத்த தவணையைப் பற்றிப் பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் வர முடியாமல் போனால் நீங்கள் போய் உட்காருங்கள். அதுவும் முடியாவிட்டால் அன்றைய சந்திப்பை ரத்து செய்யுங்கள். தொண்டூழியர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், கோயிலில் எவ்வளவு மதிக்கப்படுபவராக இருந்தாலும் விதி ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஆளுக்கு ஆள் மாற்றிச் சொன்னால்தான் மனத்தாங்கல் வரும்.

குறுஞ்செய்தியும் அப்படித்தான். தொண்டூழியர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பிள்ளையும் அவருக்குத் தனியாக அனுப்பக் கூடாது. குழு உரையாடலில் நீங்களும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்புக்குக் குறைந்தபட்ச வயது 13. உயர்நிலை 1ல் பலருக்கு இன்னும் 12தான். அதனால் அந்த வயதுக் குழுவுக்குப் பெற்றோர்களை வைத்துக் குழு தொடங்குவதே சரி.

பெற்றோர் அனுமதிப் படிவத்தில் என்ன வேண்டும்? பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் தொலைபேசி எண், ஒவ்வாமை அல்லது உடல்நலக் குறிப்பு, தனியாக வீட்டுக்குப் போகலாமா, படம் எடுத்து வெளியிடச் சம்மதமா. அவ்வளவுதான். அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். சட்டம் கேட்கச் சொல்லும் சூழல்களைத் தவிர மற்றபடி அமைப்புகள் அதை வாங்கக் கூடாது என்று 2019 செப்டம்பர் முதல் விதி இருக்கிறது. பழைய படிவத்தை நகல் எடுத்துப் பயன்படுத்தும்போது அந்தக் கட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும், கவனியுங்கள்.

ஒரு பிள்ளை தன் வீட்டுப் பிரச்சினையையோ, யாரோ தன்னைத் துன்புறுத்துவதையோ தொண்டூழியரிடம் சொல்லக்கூடும். பிடித்த பெரியவரிடம்தான் பிள்ளைகள் மனம் திறக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தொண்டூழியருக்கு முன்பே சொல்லி வையுங்கள்: அமைதியாகக் கேட்க வேண்டும், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, அன்றைக்கே உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் பள்ளி ஆலோசகரிடமோ அமைப்பின் பொறுப்பாளரிடமோ கொண்டுபோக வேண்டும். வன்முறை, பாலியல் துன்புறுத்தல் தொடர்பான தேசிய உதவி எண் 1800-777-0000. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் பேச, சிங்கப்பூர் சிறுவர் சங்கத்தின் டிங்கல் ஃபிரெண்ட் எண் 1800-2744-788. மனம் உடைந்த நிலையில் இருப்பவருக்கு, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் எண் 1767. மூன்றையும் ஒரு சின்ன அட்டையில் எழுதித் தொண்டூழியரிடம் கொடுங்கள்.

ஐந்தாம் படி: நாளும் நேரமும்

நம் பள்ளி ஆண்டில் நான்கு தவணைகள், ஒவ்வொன்றும் சுமார் 10 வாரம். எட்டுச் சந்திப்பு என்று நான் சொல்வது அதற்காகத்தான். முதல் வாரக் குழப்பத்துக்கும் கடைசி வாரத் தேர்வுக்கும் இடம் விட்டால் மிஞ்சுவது எட்டு. முதல் தவணை மட்டும் விதிவிலக்கு: நான்காம் வாரத்தில் தொடங்குங்கள், மிஞ்சும் சந்திப்பு அடுத்த தவணைக்குப் போனாலும் பரவாயில்லை. அதற்குள் உயர்நிலை 1 பிள்ளைகளுக்கு இணைப்பாட நடவடிக்கை எந்தக் கிழமைகளில் வரும் என்று தெரிந்திருக்கும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. குழுவின் வேலையை வெளியே காட்ட அது நல்ல சந்தர்ப்பம். செப்டம்பர், அக்டோபரில் ஆண்டிறுதித் தேர்வு, யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், முஸ்லிம் மாணவர்கள் தொழுகைக்குப் போவார்கள். சனிக்கிழமை காலையில் துணைப்பாட வகுப்பு இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பலகாரம் வாங்கும்போது ஹலாலாகவும் சைவமாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் யாரும் தட்டைத் தள்ளிவைக்க வேண்டி வராது. நோன்பு மாதத்தில் பலகாரத்தைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளி, வீட்டுக்கு எடுத்துப் போகிற மாதிரி கட்டிக்கொடுக்கலாம்.

ஆறாம் படி: முதல் சந்திப்பு

முதல் நாளில் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுந்து நின்று தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லாதீர்கள். தமிழில் பேசத் தயங்கும் பிள்ளைக்கு அது தேர்வு மாதிரி ஆகிவிடும். வந்து ஐந்து நிமிடத்துக்குள் கையில் வேலை இருக்க வேண்டும்.

ஒரு படக்கலைக் குழுவின் முதல் சந்திப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்டூழியர் வெண்பலகையில் "அவசரம்" என்று ஒரு சொல்லை எழுதினார். "இந்தச் சொல்லைப் படமா எடுத்துட்டு வாங்க. இந்த மாடியை விட்டு இறங்கக் கூடாது. பதினைந்து நிமிஷம்." அவ்வளவுதான் அவர் பேசியது. சிலர் சுவர்க் கடிகாரத்தை எடுத்தார்கள். ஒரு பெண் பாதி மூடிய தன் புத்தகப்பையின் ஜிப்பை எடுத்தாள். யாரிடமும் பேசாமல் வந்து உட்கார்ந்திருந்த ஒரு பையன் மின்தூக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றான். திரும்பி வந்து எல்லாரும் கைப்பேசிகளை மேசையில் பரப்பி வைத்தபோது அவன் படம் நடுவில் இருந்தது: மின்தூக்கியின் பொத்தான். கீழே போகும் அம்புக்குறி மட்டும் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது, மேலே போகும் அம்புக்குறி புதிதாக இருந்தது. தொண்டூழியர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது எப்படிக் கண்ணில் பட்டுச்சு?" என்று கேட்டார். பாராட்டவில்லை, திருத்தவில்லை. அவன் சொல்லத் தொடங்கினான். பாதி ஆங்கிலத்தில், பாதி தமிழில். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நீங்கள் புதியவர் என்றால் இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கேள்வியை. "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். "எப்படிக் கண்ணில் பட்டது, ஏன் இந்தக் காயை நகர்த்தினாய், விதையை ஏன் இவ்வளவு ஆழத்தில் போட்டாய்" என்று கேட்டால் பிள்ளை தன் யோசனையைத் தானே கேட்டுக்கொள்கிறது. உங்கள் தொண்டூழியருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பயிற்சி இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அவருக்குத் தெரியும்.

நீங்கள் எங்கே இருக்க வேண்டும்? அறையின் ஓரத்தில், பார்வையில் படும்படி. ஆசிரியர் நடுவில் நின்றால் பிள்ளைகள் ஆசிரியரைத்தான் பார்ப்பார்கள்.

படக்கலைக் குழுவைப் பள்ளிக்குள் நடத்துவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும், இணைப்பாட நடவடிக்கை நேரம் உட்பட, மாணவர்கள் திறன்பேசி பயன்படுத்த முடியாது. பள்ளியிடம் முன்கூட்டியே தனி அனுமதி கேளுங்கள், அல்லது பள்ளியின் கேமராக்களைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் வாரம் வெளியே கூட்டிப்போகலாம். லிட்டில் இந்தியா நல்ல இடம். கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டின் வண்ணங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் எல்லாரும் எடுக்கும் படம் அது. பிள்ளைகளைப் பூக்கடை, காய்கறிக்கடைப் பக்கம் அனுப்பும்படி தொண்டூழியரிடம் சொல்லுங்கள். விதி ஒன்றே: கேட்காமல் யாரையும் எடுக்கக் கூடாது. "அண்ணே, பூக் கட்டுற கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். கோயிலுக்குள்ளோ பள்ளிவாசலுக்குள்ளோ போவதென்றால் அங்கே இருப்பவர்களிடம் முதலில் அனுமதி.

தமிழ் பற்றி

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் 48.3 விழுக்காடு. உங்கள் குழுவுக்கு வரும் பிள்ளைகளில் பலர் தமிழை வகுப்பில் மட்டும் பேசுபவர்கள். அவர்களுக்குத் தமிழ் என்றாலே மதிப்பெண்ணோடு சேர்ந்த ஒன்று. அந்தப் பூக்கடைக்காரரிடம் கேட்கும்போதுதான் தமிழால் ஒரு காரியம் நடக்கிறது என்று முதல் முறையாகத் தெரிகிறது. இதைவிடப் பெரிய மொழிப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அதனால் குழுவில் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள், ஆங்கிலம் கலந்தால் தடுக்காதீர்கள். தொண்டூழியர் தமிழில் பேசட்டும், பிள்ளைகள் வருகிற மொழியில் பதில் சொல்லட்டும். அந்தந்த வேலைக்கு வேண்டிய சொற்கள் தானாக ஒட்டும்: சதுரங்கத்தில் யானை, குதிரை, மந்திரி; தோட்டத்தில் பதியம், நாற்று, உரம். வாரத்துக்கு நாலைந்து சொல் ஒட்டினால் போதும். தமிழ் ஆசிரியராக இருப்பவருக்கு இது கடினம் என்று தெரியும். வாய் தானாகத் திருத்தப் போகும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பொறுப்பைக் கைமாற்றுவது

நான்காவது சந்திப்பிலிருந்து ஒவ்வொரு வேலையாகப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதலில் வருகைப் பதிவு, பிறகு நேரம் பார்ப்பது, அப்புறம் அடுத்த வாரம் என்ன செய்வது என்று முடிவெடுப்பது. தலைவர், செயலாளர் என்று பட்டம் கொடுத்துத் தேர்தல் வைக்க அவசரப்பட வேண்டாம். பட்டம் வந்தால் பேசத் தெரிந்த பிள்ளைகளே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். வேலையை முறை வைத்துக் கொடுத்தால் அமைதியான பிள்ளைக்கும் ஒரு வாரம் வரும்.

முடிவெடுக்கச் சொன்னால் அந்த முடிவை நடத்திக் காட்டுங்கள். வாய்மொழி வரலாற்றுக் குழுவில் பிள்ளைகள், "தாத்தாக்களிடம் வேலையைப் பற்றி வேண்டாம், சின்ன வயதில் என்ன விளையாடினார்கள் என்று கேட்போம்" என்று முடிவு செய்தால் அதையே கேட்கட்டும். உங்களுக்குக் கடற்படைத் தளத்தைப் பற்றித்தான் ஆவல் என்றால் நீங்கள் தனியாகப் போய்க் கேளுங்கள். கருத்துக் கேட்டுவிட்டுப் பெரியவர் நினைத்ததையே செய்வதை இந்த வயதுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு வாயைத் திறக்க மாட்டார்கள்.

எட்டாவது வாரம் ஏதாவது ஒன்றை வெளியே வையுங்கள். பன்னிரண்டு படங்களை அச்சடித்துச் சமூக மன்றச் சுவரில் ஒட்டினாலும் போதும். பெற்றோரை அழையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்கட்டும், மேடை வேண்டாம். சிறப்பு விருந்தினர் உரையும் வேண்டாம் என்பேன். அந்த நேரம் பிள்ளைகளுடையது.

பணம்

பெரிதாகத் தேவைப்படாது. நகல், அச்சு, பலகாரம், தொண்டூழியரின் பயணச் செலவு. கடைசியில் சொன்னதை வேண்டாம் என்று அவர் சொன்னாலும் ஒரு முறையாவது கேளுங்கள். நடத்தும் அமைப்பே பெரும்பாலும் இதைத் தாங்கும். பெரிய திட்டம் என்றால் தேசிய இளையர் மன்றம் இளையர் முன்னெடுக்கும் திட்டங்களுக்கு மானியம் தருகிறது. அந்த மன்றத்தின் கணக்கில் இளையர் என்றால் 15 முதல் 35 வயது, ஆகவே விண்ணப்பத்தை உங்கள் மூத்த உறுப்பினர்களும் இளம் தொண்டூழியர்களும் எழுதட்டும். வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்ட உரிமம் வேண்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வருகை குறையும்போது

ஐந்தாம் ஆறாம் வாரத்தில் 12 பேர் 7 பேராவது வழக்கம். தொண்டூழியர் அதைத் தன் குறை என்று எடுத்துக்கொள்வார். அன்று மாலையே அவரிடம் பேசுங்கள்: யாருக்குத் தேர்வு, யாருக்குப் போட்டி, யார் உண்மையிலேயே ஆர்வம் இழந்தார் என்று காரணத்தைச் சொல்லுங்கள். வராத பிள்ளைகளிடம் "ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள். "போன வாரம் இதைச் செய்தோம், உன் பங்கு காத்திருக்கிறது" என்று பெற்றோர் குழுவில் ஒரு வரி போடுங்கள். ஏழு பேர் தொடர்ந்து வந்தால் அது நல்ல குழு. மூன்று பேருக்கும் கீழே போனால் தவணையை முடித்துக்கொண்டு, தொண்டூழியருக்கு நன்றி சொல்லி, அடுத்த தவணையில் வேறு நாளில் முயலுங்கள்.

தொண்டூழியருக்கு நன்றி சொல்வது பற்றியும் இங்கேயே சொல்கிறேன். சான்றிதழ் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அனுப்பும் இரண்டு வரிதான் அவரை அடுத்த வாரம் வரவைக்கும். "இன்று அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மின்தூக்கிப் படத்தைப் பற்றிப் பேசினானாம்" என்று அந்த அம்மா சொன்னதை அப்படியே அவருக்குச் சொல்லுங்கள். தன் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதைச் சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும்.

ஆண்டு இறுதியில்

நவம்பர், டிசம்பர் விடுமுறையில் தொண்டூழியர்களோடு ஒரு தேநீர். எது எடுபட்டது, எது எடுபடவில்லை, அடுத்த ஆண்டு யார் தொடர்கிறார்கள், யாருக்குத் தேசிய சேவை வருகிறது என்று பேசி எழுதி வையுங்கள். எட்டுச் சந்திப்புகளின் குறிப்பு, அனுமதிப் படிவத்தின் வெற்று நகல், அறைப் பொறுப்பாளரின் தொடர்பு, எங்கே என்ன வாங்கினீர்கள் என்ற பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பிள்ளைகளின் தனிப்பட்ட விவரங்கள் உள்ள படிவங்களை, தேவை முடிந்ததும், அமைப்பின் விதிப்படி அழித்துவிடுங்கள். அப்புறம் உயர்நிலை 4 முடித்துப் போகும் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, ஜனவரியில் வரும் புதிய பிள்ளைகளுக்கு உதவியாளராக எட்டு சனிக்கிழமை வர முடியுமா என்று கேளுங்கள். அவர்களுக்கும் அதே செய்தியைத் தேதி, நேரம், எண்ணிக்கையோடு எழுதி அனுப்புங்கள்.